குடத்துக்குக் கட்டின வேட்டி

— இழுக்காதீக மச்சான்! புழு அந்துச்சுன்னா உள்ளயே சீப்பிடிச்சு, காலு ஒரல் மாதிரி வீங்கிரும்.

— வீங்கட்டும்லே. நேத்துப் பேஞ்ச மழைக்குக் கரிசல் வெண்ணெயாட்டம் கெடக்கு. நாளைக்குப் பருத்தி விதைக்கலைன்னா வருசம் பூராம் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும். நீ அந்த நுனியைப் பிடி மாப்ளே. ஒரே இழுப்பு.

— நரம்புச் சிலந்தி என்ன கோரைப்புல்லா, பிடுங்கி எறிய? ரெண்டு முழம் புழு மச்சான். ஈக்குச்சியில தெனம் ஒரு சுத்துச் சுத்தித்தான் வெளிய எடுக்கணும். உங்க தெரு ராமசுப்பு இப்படித்தான் இழுத்தான். இன்னைக்கும் கம்பு ஊண்டித்தான் நடக்கான்.

— அந்தச் சோம்பேறி பொறந்ததுல இருந்தே கம்புக்கு ஒரு சாக்குத் தேடிக்கிட்டு இருந்தவன்.

— பேசாமப் படுங்க. நாளைக்கு உங்க காட்டுல நான் ஏர் பிடிக்கேன்.

— நீயா? அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு நூல்மூடை ஏத்துற வண்டிக்காரப் பய. என் மாடு உன்னயப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வரப்பேறி மேயப் போயிரும்.

— சிரிச்சுட்டுப் போகுது. இதென்ன காலுல, பச்சையா?

— ஊமத்தை எலை. நேத்து வெளக்கெண்ணெய். முந்தாநாளு எருக்கம்பாலு. வாரவன் போறவன் எல்லாம் வைத்தியன். உள்ள இருக்கிறதுக்குத் தெனம் ஒரு விருந்து.

— கணுக்காலு மொளி வரைக்கும் ஊறி வெளுத்துக் கெடக்கே. காலை எதுலயும் வச்சிருந்தீகளா?

— எரிச்சல் தாங்கலைடா. காலையில போயி ஊருணிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அடேயப்பா, சொர்க்கம்!

— நாசமாப் போச்சு. தண்ணியக் கண்டதும் அது அங்கனயே குட்டி போட்டிருக்கும். ஊருக்கே பந்தி வச்சிட்டு வந்திருக்கீக!

— யாருலே சொன்னது?

— போன சந்தையில, பந்தல்குடியில, சுகாதார இன்ஸ்பெக்டரு தமுக்கடிக்கச் சொல்லி வெலாவாரியாச் சொன்னாரு. குடிக்கிற தண்ணி வழியாத்தான் உள்ள போகுதாம். துணியை ரெட்டையா மடிச்சுக் குடத்து வாயில கட்டி, வடிச்சுக் குடிச்சா வரவே வராதாம்.

— இதைச் சொல்லவா சர்க்கார் சம்பளம்? உங்கக்கா வெள்ளைத்தாயி பன்னெண்டு வருசம் அதைத்தான செஞ்சா. யுத்தம் வந்து துணிக்குக் கண்ட்ரோல் போட்டான். கட்டுன புருசன் கிழிஞ்ச கோவணத்தோட அலையுறேன், எங்க வீட்டுக் குடம் புதுவேட்டி கட்டிக்கிட்டு நிக்கி! வீட்டுக்கு வந்தவுக எங்க ரெண்டுபேர்ல யாரைக் கும்பிடுறதுன்னு முழிச்சாக.

— அந்தத் துணி நாந்தான் வாங்கியாந்தேன். எங்க தறிக்காரரு சௌடையா வீட்டுப் பொம்பளைக குடத்துக்குக் கட்டியிருந்ததைப் பாத்துட்டு அக்கா கேட்டா. அவுககிட்ட வெட்டுத்துணி வாங்கிக் குடுத்தேன்.

— குடுத்து என்னத்தக் கண்டே? அம்புட்டு வடிச்சும் புழு என் காலைத் தேடி வந்துச்சா, இல்லையா? இதை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டிக் கேக்கணும்னு இருக்கு. அவ முந்தியே காச்சல்ல விழுந்து மூணு நாள்ல போயிச் சேந்துட்டா. வாய்ச்சண்டையில தோக்கப் பிடிக்காதவ.

— மச்சான், அந்த இன்ஸ்பெக்டரு இன்னொண்ணும் சொன்னாரு. வயித்துக்குள்ள போனது காலு வழியா வெளிய வர ஒரு வருசம் ஆகுமாம்.

— ஆகட்டுமே. அதுக்கென்ன அவசரம்?

— ஒரு வருசத்துக்கு முந்தி உங்களுக்கு யாரு வடிச்சுக் குடுத்தா?

— அதை எதுக்கு இப்பக் கேக்கே?

— அக்கா செத்தது போன ஐப்பசி. இப்ப நடக்கிறது ஐப்பசி.

— சரி. நானே ஊருணியில கையால அள்ளிக் குடிச்சேன். அதுக்கென்ன இப்ப, தூக்குலயா போடப்போறே?

— வீட்டுல துணி இருந்துச்சுல்ல? அது எங்க?

— கோவணமாக் கட்டியிருக்கேன். அவுத்துக் காட்டட்டா?

— வெளாடாதீக. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட அக்கா குடத்தை வாசல்ல போட்டு உடைச்சீக. எங்கம்மா பாத்துட்டு வந்து, "எம்மக மேல இருந்த கோவத்தை மண்குடத்துல தீத்துட்டான்"னு அழுதுச்சு. அதனாலதான் ஒரு வருசமா நான் இந்த வாசலை மிதிக்கலை. காலுல புழுன்னு கேள்விப்பட்டு, மனசு கேக்காம வந்தேன்.

— அதான் மிதிச்சுட்டேல்ல. பேசிக்கிட்டே இருக்காம குச்சியைச் சுத்து.

— ஒரு சுத்துச் சுத்தியாச்சு. இனி நாளைக்குத்தான். வண்டியில புதுக்குடம் ஒண்ணு கெடக்கு. அந்தத் துணியைக் குடுங்க, கட்டிவச்சிட்டுப் போறேன்.

— வேற துணி கட்டு.

— வேற துணிக்கு எங்க போக? உங்க தலைமாட்டுல சாக்குக்கு அடியில வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்கே, அதுதான?

— ஏலே பால்ச்சாமி, தொடாத! கைய எடுலே!

— காலை ஆட்டாதீக மச்சான், புழு அந்துரும்! இந்தா, எடுத்தாச்சு. என்ன இது? கட்டுன கயிறுகூட அப்படியே இருக்கு. குடத்து வாய் அளவுக்கு வட்டமா...

— அவ சேலை துணியெல்லாம் உங்க ஆளுக எடுத்து, வெளுக்குற ஏகாலிக்குக் குடுத்துட்டாக. இது குடத்துல இருந்ததால யாரு கண்ணுலயும் படலை.

— முடிச்சு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. இருங்க, பல்லால அவுக்கேன்.

— அவுக்காதடா. காச்சலோட போயித் தண்ணி எடுத்தாளே, அன்னைக்கு அவ போட்ட முடிச்சு. அதை அவுக்காம எடுக்கத்தான் குடத்தை உடைச்சேன்.