நாலாவது தகப்பன்

பெண்ணைப் பெற்ற எசென்: ...என் தாத்தாவை நீ எப்படிய்யா உன் தாத்தான்னு சொல்லலாம்? அதுவும் என் வீட்டு முற்றத்துல, என் ஆட்டை அறுத்து வேக வெச்சிருக்கற அன்னைக்கு?

பிள்ளையைப் பெற்ற சாகின்: மெதுவாப் பேசுங்க சம்பந்தி. கூடாரத்துல இருக்கற பெரியவங்களுக்குக் கேக்கும்.

எசென்: இன்னும் என்ன சம்பந்தி? வெள்ளைத்தாடிக்காரங்க சொன்னது காதுல விழலையா? நாம பங்காளியாம்.

பக்கத்து வீட்டு கலிபா, கரண்டியும் கையுமாக: விழுந்துது, விழுந்துது. இங்க அண்டா கொதிக்கற சத்தத்துலயே எனக்கு விழுந்துது. ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க. எச்சில் தெறிக்குது.

எசென்: நீங்க பேசாதீங்க அண்ணி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே நீங்கதான்.

கலிபா: நான்தான். நீ எனக்கு அடுத்த வீடு. பையனோட அம்மா எனக்குச் சித்தி மக. ரெண்டு பக்கமும் தெரிஞ்சவ வேற யாரு இருக்கா? ஆனா ரெண்டு வீட்டுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தான்னு எனக்கு யாரு சொன்னீங்க?

எசென்: ச்சீ, பைசால். போடா அந்தப் பக்கம். அண்டாகிட்ட மூக்கை நீட்டாதே.

சாகின்: ...அந்த நாயைக் கட்டிப் போடக் கூடாதா?

எசென்: என் வீட்டு நாய். இஷ்டத்துக்குச் சுத்தும்.

கலிபா: சரி, நான் விறகு எடுக்கப் போயிட்டேன், பாதிதான் கேட்டேன். முதல்ல இருந்து சொல்லுங்க. மாப்பிள்ளை திலெக் எழுந்து நின்னான்...

எசென்: நின்னான். அப்பன், தாத்தான்னு மேல மேல ஏழு தகப்பன் பேரைச் சொல்ல ஆரம்பிச்சான். மூணு வரைக்கும் ஒழுங்காப் போச்சு. நாலாவது, போரோன்பாய்னான். என் பொண்ணு முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. அவளுக்கும் நாலாவது போரோன்பாய்தான்.

கலிபா: பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? இந்த ஏரியைச் சுத்திப் போரோன்பாய்க்கா பஞ்சம்?

எசென்: முல்லாவும் அதைத்தான் சொன்னார். அதோட விட்டிருக்கலாம். இவரு எழுந்தார். ஜார் காலத்துல வரி கேட்டு வந்த அதிகாரியோட தொப்பியை, குதிரை மேல இருந்தே சாட்டையால தட்டி விட்ட போரோன்பாய்ன்னு கதையை ஆரம்பிச்சார். தொப்பி ஆத்துல போச்சாம், அதிகாரி கரையோரமா ஓடினானாம்...

சாகின்: நடந்ததைச் சொன்னேன்.

எசென்: நடந்தது எங்க வீட்டுல.

கலிபா: தொப்பி ஒண்ணு. தட்டினது ரெண்டு தாத்தாவா?

எசென்: அஞ்சாவது, ஆறாவது, ஏழாவது கூட அதே வரிசை. அந்த மூலையில இருந்த கிழவர் எழுந்து என்னைக் கட்டிப் பிடிச்சு, “உங்க ரெண்டு வீடும் அண்ணன் தம்பி வீடாச்சே”ன்னு அழறார். சந்தோஷத்துல.

கலிபா: ஏழு தலைமுறைக்குள்ள பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்க முடியாதேன்னு யாரும் அழலையா?

சாகின்: அதைத்தான் அப்புறம் சொன்னாங்க. கறி வர்றதுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க, நாலாவது ஆள் ஒருத்தர்தான்னா சாப்பிட்டுட்டு எழுந்துக்கறோம், இந்தக் கல்யாணப் பேச்சு இதோட விட்டுதுன்னாங்க.

கலிபா: கறி வெந்து எவ்வளவு நேரமாச்சு. வேகலை வேகலைன்னு நான்தான் வெறும் தண்ணியை ஊத்திட்டு நிக்கறேன். இன்னும் கொஞ்சம் போனா எலும்பு தனியா வந்துடும்.

எசென்: வரட்டும்.

கலிபா: உனக்கென்ன, வரட்டும்பே. உன் மக உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. தோட்டைக் கழட்டித் தாம்மான்னு உன் பொண்டாட்டி கேட்டதுக்கு, காதோட அறுத்து எடுத்துக்கோன்னு சொல்றா. நிச்சயத்துக்கு மாமியார் கையால போட்ட தோடு, இன்னும் துளை சிவப்புகூட ஆறலை. அந்தப் பக்கம் திலெக் காருக்குள்ள உக்காந்து கண்ணாடியை ஏத்திக்கிட்டான். அவன் அம்மா கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பேசறா. வெளிய இருந்து பாத்தா மீன் தொட்டி மாதிரி இருக்கு.

சாகின்: என் பையன் ஒரு தப்பும் பண்ணலை.

எசென்: நீ பண்ணினே.

சாகின்: நானா? வருஷக்கணக்கா அலைஞ்சிருக்கேன் தெரியுமா, இந்த நாலாவது பேருக்காக? தலைநகர் போய் ஜார் காலத்துக் குடிக்கணக்கு எல்லாம் புரட்டினேன். அந்த ருஷ்யக் குமாஸ்தா ஒரே ஆளை ஒரு தடவை அப்பன் பேருல எழுதறான், அடுத்த தடவை தாத்தா பேருல எழுதறான். சீன எல்லை வரைக்கும் போய் விசாரிச்சேன்.

கலிபா: வம்சம் கண்டுபிடிக்கற டெஸ்ட்டுக்கு எச்சிலைத் துப்பி அமெரிக்காவுக்குக் கூட அனுப்பினியே. என்னன்னு வந்துது?

சாகின்: ...மத்திய ஆசியாக்காரன்னு வந்துது.

கலிபா: அதுக்கு எச்சில் எதுக்கு? உன் மூஞ்சியைப் பாத்து நானே சொல்லியிருப்பேனே.

எசென்: சிரிக்கற நேரமா இது?

கலிபா: சிரிக்கலை. ஒண்ணு கேக்கறேன் எசென். போன இலையுதிர் காலத்துல உன் பட்டியில இருந்த கொழுத்த கிடா, அந்தக் கறுப்பு முகம், எங்க போச்சு?

எசென்: வித்தேன்.

கலிபா: சந்தையிலயா? சந்தைக்கு இந்தப் பக்கம் போகணும். நீ அதை வண்டியில ஏத்திக்கிட்டு மலைப் பக்கம் போனே. நான் துணி காயப் போட்டுட்டிருந்தேன்.

எசென்: உங்களுக்குத் துணி காயறதே இல்லையா அண்ணி, எப்பவும் வெளியவே நிக்கறீங்க...

கலிபா: சாகின் வீட்டுலயும் ஒரு கிடா அதே பக்கம் போச்சு. என் சித்தி மக சொன்னா. மலைக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா? வம்சம் சொல்ற ஜூசுப் கிழவர் இருக்கார். தாத்தா கிடைக்காதவங்களுக்குத் தாத்தா குடுப்பார். நல்ல கிடான்னா நல்ல தாத்தா.

எசென்: அந்தக் கிழட்டு நாய்... வேற யாருக்கும் குடுக்கலைன்னு குரான் மேல கை வெச்சு சொன்னானே.

சாகின்: என்கிட்டயும் வெச்சான்.

கலிபா: வயசாயிடுச்சு, புதுசா யோசிக்கச் சோம்பல். கைவசம் இருந்த தாத்தாவை ரெண்டு வீட்டுக்கும் தள்ளி விட்டுட்டார். அவருக்கென்ன தெரியும், நான் நடுவுல புகுந்து ரெண்டு வீட்டையும் முடிச்சுப் போடுவேன்னு. சரி, தலைவலி தீந்துது. நீங்க பங்காளியே இல்லை. யாராவது ஒருத்தர் போய், என் போரோன்பாய் விலைக்கு வந்தவர்னு சொல்லுங்க, நான் கறியை எடுக்கறேன்.

எசென்: இவரு சொல்லட்டும்.

சாகின்: நான் ஏன்? உங்க வீட்டு விருந்து, நீங்க சொல்லுங்க.

எசென்: ஏழு தகப்பன் தெரியாதவனை அடிமைன்னு சொல்ற ஊரு இது. அதை என் வாயாலயே, என் வாசல்லயே சொல்லணுமா?

சாகின்: நான் மட்டும் சொல்லணுமா? என் மகன் நாளைக்கு எந்தக் கூட்டத்துல தலை நிமிர்ந்து உக்காருவான்?

எசென்: கதை சொல்லத் தெரிஞ்சுதில்ல? எழுந்து நின்னு, மீசையைத் தடவிக்கிட்டு... ச்சே, பைசால். உதைப்பேன்.

சாகின்: நாயை விடுங்க சம்பந்தி.

எசென்: நீ எதுக்குத் துள்றே? உன்னையா உதைச்சேன்?

கலிபா: இந்த வீட்டுல எந்த நாய் வந்தாலும் அதே பேருதான். நான் கல்யாணமாகி வந்தப்போ கறுப்பு பைசால். அப்புறம் நொண்டி பைசால். இது எத்தனையாவதோ. மனுஷப் பேரை நாய்க்கு வெக்கலாமான்னு முல்லா கூடக் கேட்டுப் பாத்தார்... சரி, அதை விடுங்க. தண்ணி வத்துது.

எசென்: சரி. நானே போறேன். என்ன சொல்வேன் தெரியுமா? எங்க அப்பாவோட அப்பாவுக்கு மேல எங்களுக்கு ஒருத்தரும் இல்லைன்னு சொல்வேன். ஜார் ஆளுங்க போர் வேலைக்குப் பையன்களைப் பிடிக்க வந்த வருஷம், சனமெல்லாம் சீனாவுக்கு ஓடினப்போ, கணவாய்ல பனிக்குள்ள கிடந்த குழந்தை அவர். துரத்தி வந்த பட்டாளம் சுட்டதுல அம்மா மேல குண்டு பட்டிருக்கு. செத்தவ கைக்குள்ள உசுரோட கிடந்தவரை ஒரு குதிரைக்காரன் தூக்கிட்டுப் போனான். எந்த ஊரு, எந்தக் குலம், ஒண்ணும் தெரியாது. எங்க வம்சம் அந்தப் பனியில இருந்துதான் ஆரம்பிக்குது. போதுமா?

கலிபா: எசென்... இத்தனை வருஷமா அடுத்த வீட்டுல இருக்கேன். எனக்கே தெரியாதே.

எசென்: உங்களுக்குத் தெரிஞ்சா ஏரிக்கு அந்தக் கரைக்கும் தெரியுமே. அதான் கிடாவைக் குடுத்து ஒரு வீரனை வாங்கினேன். இப்ப நீயே வெச்சுக்கோ சாகின், போரோன்பாய் உனக்கே. நான் கூடாரத்துக்குள்ள போய் அடிமையா நின்னுட்டு வரேன். என் பொண்ணு காதுல இருந்து அந்தத் தோடு இறங்கக் கூடாது.

சாகின்: ...நில்லுங்க.

எசென்: இன்னும் என்ன?

சாகின்: நில்லுங்கன்னேன்ல. நீங்க தெரியாம வாங்கினீங்க. நான்... தெரிஞ்சதால வாங்கினேன்.

கலிபா: புரியற மாதிரிப் பேசு.

சாகின்: எங்க நாலாவது ஆள் தொலைஞ்சே போகலை அண்ணி. தேட ஆரம்பிச்ச முதல் வருஷமே கிடைச்சுட்டார். அதுக்கப்புறம் நான் அலைஞ்சதெல்லாம், அது அவரா இருக்கக் கூடாதுன்னுதான். ஊரே ஓடினப்போ அவர் ஓடலை. பட்டாளத்துக்குக் கணவாய் வழி காட்டினார். அவங்க குதிரையைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்து போனார். அதுக்குக் கூலியா நிலம் குடுத்தாங்க. அந்த நிலத்துலதான் இன்னைக்கும் எங்க உருளைக்கிழங்கு விளையுது.

கலிபா: எந்தக் கணவாய்?

சாகின்: அதேதான்.

எசென்: பேரு?

சாகின்: பேரு எதுக்கு இப்ப?

எசென்: ஏழுல ஒண்ணு இல்ல? கூடாரத்துக்கு வந்து நீயும் சொல்லணும். பேரைச் சொல்லு.

சாகின்: காலையில இருந்து நீங்க அந்தப் பேரைச் சொல்லித்தானே நாயை விரட்டிட்டிருக்கீங்க.

கலிபா: அட கடவுளே...

சாகின்: பொண்ணு கேட்டு முதல் தடவை இந்த வாசல்ல கால் வெச்சப்பவே காதுல விழுந்துது. யதேச்சைன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கப் பாத்தேன்.

எசென்: யதேச்சை இல்லை. அந்தக் குதிரைக்காரன் குழந்தையைத் தூக்கிட்டுப் போகும்போது, வழி காட்டினவன் பேரையும் சேத்து எடுத்துட்டுப் போனான். எங்க வீட்டுக்குன்னு இருந்த ஒரே பழைய பேரு அதுதான், அதை நாய்க்கு வெச்சோம். நீ பொண்ணு கேட்டுட்டுப் போன மறுநாளே உங்க ஊருக்குப் போய், நீ பைசால் வழின்னு விசாரிச்சுட்டு வந்தேன்யா. பொண்ணு குடுக்கறவன் விசாரிக்காம இருப்பானா? தெரிஞ்சும் சரின்னேன். என் மக உன் மகனைத்தான் கட்டுவேன்னு சொன்னா, உன் மகன் யாருக்கும் வழி காட்டலை. நீ ஒரு நாள் வாயைத் திறந்து சொல்வேன்னு காத்துட்டிருந்தேன். நீ என்னடான்னா எழுந்து நின்னு, அதிகாரி தொப்பியைத் தட்டி விட்டார்னு கதை விடறே... அண்ணி, கறியை எடுங்க. சாகின், முன்னால நட, ரெண்டு பேருமா போய்ச் சொல்வோம். கல்யாணம் நடக்கும். நாய் பேரு மாறாது.