பழுதில்லாத தோப்பு

— பெட்டி மேல ஏறி நிக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? அது பழம் அடுக்குற பெட்டி. உங்க சங்கத்து மேடை இல்ல.

— நான் எங்க நிக்கிறேன்? ஜன்னல் கம்பி துருப்பிடிச்சிருக்கான்னு பாக்குறேன்.

— நேத்தும் அதே கம்பி, முந்தாநாளும் அதே கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் உங்க தம்பியோட புதுக் கொட்டகை இருக்கிறது கண்ணுலயே படலையாக்கும்.

— பட்டுச்சு. அதுவா வந்து பட்டுச்சு. கொய்யாப்பழம் கிண்டுற இடத்துக்கு ஆஸ்பத்திரி மாதிரி டைல்ஸ் ஒட்டி வச்சா யார் கண்ணுலதான் படாது? அடிப்படையில நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஊர்ல மதிப்புக்கூட்டல்ங்கிற வார்த்தைய முதமுதல்ல சொன்னது யாரு?

— நீங்கதான்.

— தோப்புக்காரங்க சங்கத் தலைவர்ங்கிற முறையில எத்தனை மேடையில சொல்லியிருப்பேன். பழத்தப் பழமாவே விக்காதீங்க, பக்குவம் பண்ணி விக்கப் பாருங்க. மெஷின் விலையில பாதியத் தோட்டக்கலை ஆபீஸ் போடும், பாதிய நீங்க போட்டாப் போதும், சொல்லிக் குடுக்க ஆளும் அனுப்புவாங்கன்னு தொண்டை கிழியப் பேசினது நான். கடைசியில மெஷின் யார் வீட்டுல இறங்கியிருக்கு?

— காது குடுத்துக் கேட்டவங்க வீட்டுல. அன்னைக்கு முன் வரிசையில உக்காந்து கேட்டது உங்க தம்பி பொண்டாட்டி ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் டீ எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருந்தாங்க.

— நீயும்தான் அங்க இருந்தே.

— நான் அந்த டீயப் போட்டுக்கிட்டிருந்தேன்.

— அவ நம்ம குடும்பத்துக்கு வந்தப்ப கொய்யா எது, மாதுளை எதுன்னே தெரியாது. இப்ப தொழில்முனைவோராம். ஆபீஸ்லேருந்து நிபுணர் வந்து மேடம், மேடம்னு கூப்பிடுது.

— கூப்பிடத்தான் செய்யும். தலையில வெள்ளைத் தொப்பி, கையில உறை, வளையலக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் உள்ளயே போறா. கடாய்க்கு ரெண்டு சுவர் இருக்கு. நடுவுல ஆவி ஓடும். எவ்வளவு நேரம் கொதிச்சாலும் அடி பிடிக்காது. துடுப்பு தானாச் சுத்தும். மேல மூடி, அதனால ஒரு சொட்டு தெறிக்காது. கீழ இருக்கிற குழாயத் திருகினா சுடச்சுட பாட்டில்லயே இறங்கும். பதம் பாக்கணும்னா ஒரு சொட்ட எடுத்து ஒரு சின்னக் கருவியில தடவி, வெளிச்சத்துக்கு நேரா கண்ணுல வச்சா, இனிப்பு எவ்வளவுன்னு உள்ள கோடு காட்டுது.

— இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்?

— நான் என்னத்தக் கண்டேன். கூடை குடுக்கப் போறப்ப கண்ணுல பட்டதுதான். இத்தனை கிண்டியும் அவ கையில ஒரு சூட்டுத் தழும்பு கிடையாதுங்க.

— உன் கையில இருக்கே, இத்தனை.

— நம்ம சட்டிக்கு மூடி இல்ல. ஜாம் கொதி வந்தா தெறிக்கும்.

— உனக்குக் கொஞ்சம்கூட வயிறு எரியலையா?

— நம்ம வீட்டுல எரியறதுக்குன்னு நீங்க ஒருத்தர் இருக்கீங்களே. நான் வேற எதுக்கு?

— இது பொறாமை இல்ல. கொள்கை வேதனை.

— சரி சரி. கொள்கை வேதனையோட கீழ இறங்குங்க. பெட்டி முனகுது.

— நானும்தான் விண்ணப்பம் போட்டேன். பட்டியல்ல ரெண்டாவது பேரு. அவளுக்குக் கீழ நான். படிக்கிறவன் என்ன நினைப்பான்?

— தயாரிச்ச பொருள்ல ஒண்ணு மாதிரிக்குக் கொண்டாங்கன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. அவ ஒரு பாட்டில் ஜாம் கொண்டு போய் வச்சா. நீங்க உங்க போட்டோவக் கொண்டு போய் வச்சீங்க.

— அது மந்திரி கையால கேடயம் வாங்குற போட்டோ. தகுதிக்கு ஆதாரம்.

— அதை ரொட்டியில தடவித் தின்ன முடியாதுல்ல. நான் கிண்டின ஜாம் அலமாரியில இருந்துச்சு. இதையும் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு வாசப்படி வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தேன்.

— ஒரு சங்கத் தலைவன் ஜாம் பாட்டிலும் கையுமா ஆபீஸ் படியேறினா நல்லாவா இருக்கும்?

— நல்லா இருந்திருக்காதுதான். மெஷின் வந்திருக்கும்.

— அதக்கூட விட்டுடலாம். அவ கிண்டுறது நம்ம பழம்டீ. தம்பி பங்குக்கு வந்ததெல்லாம் கன்னு மரம். அதுல என்ன பெருசாக் காய்ச்சிடும்? நம்ம தோப்புல புள்ளி விழுந்தது, அடிபட்டது, காத்துல உதிர்ந்தது, அத்தனையையும் நீ கூடை கூடையா வேலிக்கு மேல தூக்கிக் குடுக்குற. அதை வச்சு அவ மேடம் ஆயிட்டா.

— ஓரகத்தி கேக்குறா, இல்லைன்னா சொல்ல முடியும்? சந்தைக்கும் அனுப்ப முடியாத பழம். இந்தத் தடவ பாதிக்குப் பாதி அப்படித்தானே வருது.

— மெதுவாப் பேசு. தெருவுல ஆள் போகுது.

— ஏங்க, சும்மா கேக்குறேன். அந்தத் திட்டத்துல வெளிப் பழம் வாங்கிப் போடலாமா?

— கூடவே கூடாது. சொந்தத் தோப்புப் பழம்தான் போடணும். அடிப்படையில அதுதான் முதல் நிபந்தனை. நானே மேடையில விளக்கியிருக்கேன். வெளிப் பழம்னு தெரிஞ்சா உதவி ரத்து. மெஷின் பட்டியல்ல அடுத்த பேருக்குப் போயிடும்.

— அடுத்த பேரு நீங்க.

— அடுத்த பேரு நான்.

— அப்ப ஆபீஸ்லேருந்து யாராவது வந்து, உங்க பழம் அங்க போகுதான்னு கேட்டா, ஆமான்னு சொல்லிடுவீங்கல்ல?

— நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். தம்பி குடும்பத்தக் கவுத்தான்னு பேர் வந்துடும். ஆனா தேடி வந்து கேட்டாங்கன்னா பொய் சொல்ல எனக்கு வராது.

— ஆமான்னு ஒரே வார்த்த. அதுக்கு முன்னாடியும் பேச வேண்டாம், பின்னாடியும் பேச வேண்டாம்.

— என்னமோ நாளைக்கே வர்ற மாதிரி சொல்லித் தர்ற.

— நான் என்னத்தக் கண்டேன். வாசல்ல ஸ்கூட்டர் நிக்கிற சத்தம் கேக்குது, போய்ப் பாருங்க.

— அடடா, அந்த நிபுணரம்மா. இங்க எதுக்கு வருது? ஏய், அந்தக் கூடைங்க மேல சாக்கு போட்டு மூடு.

— மூட வேண்டாம். பாத்தாப் பாக்கட்டும்.

— மூடுன்னா மூடு.

— உள்ள வரலாங்களா சார்? நான் பதப்படுத்தல் பிரிவுலேருந்து வர்றேன். பக்கத்துக் கொட்டகை மேடத்துக்குப் பயிற்சி குடுக்கிறது நான்தான். உங்ககிட்ட ஒரு சின்ன விளக்கம் கேட்டுட்டுப் போயிடுறேன்.

— வாங்க வாங்க, உக்காருங்க. ஏய், அம்மாவுக்கு நாற்காலி போடு. அது வேண்டாம், அதுக்குக் கால் ஆடும்.

— பரவாயில்ல சார், நின்னுக்கிறேன். உங்கள எனக்கு நல்லாத் தெரியும். மாநாட்டுல ‘பழுதில்லாத தோப்பு’ன்னு பேசினீங்களே. அன்னைக்கு நான் கடைசி வரிசையில இருந்தேன்.

— கேட்டீங்களா? முழுசாவா?

— முழுசாக் கேட்டேன் சார். கதவைச் சாத்தியிருந்தாங்க.

— பாத்தியா? முழுசாக் கேட்டிருக்காங்க.

— பாத்தேன். அம்மா என்னவோ விளக்கம் கேக்க வந்தாங்க.

— ஆமாங்கக்கா, சின்ன விளக்கம்தான். எங்க ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சு. பேர் சொல்லல. குரலை அமுக்கிப் பேசினதால ஆணா பெண்ணான்னுகூட எடுத்தவருக்குத் தெரியல. பக்கத்துக் கொட்டகையில வேகுறது அவங்க சொந்தப் பழமே இல்ல, இந்தத் தோப்புப் பழம்னு புகார். உண்மைன்னா உதவிய ரத்து பண்ணி, கடாயக் கழட்டி, அடுத்த பேருக்குக் குடுக்கணும்.

— ஓ.

— அடுத்த பேரு நீங்க. ஆதாயம் இருக்கிறவர்கிட்டயே போய்க் கேக்கலாமான்னு ஆபீஸ்ல இழுத்தாங்க. நான்தான் சொன்னேன், சார் அப்படிப்பட்டவர் இல்ல, உள்ளதை உள்ளபடி சொல்வார்னு.

— அடிப்படையில நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லம்மா. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. தம்பி பொண்டாட்டியாவே இருந்தாலும்...

— ஆமான்னு சொல்லுங்க. போதும்.

— இரு, பேசிக்கிட்டிருக்கேன்ல.

— மெதுவாச் சொல்லுங்க சார். புகார் என்னன்னா, உங்க தோப்புல வர்றதுல பாதிப் பழம் புள்ளி விழுந்து, அடிபட்டு, சந்தைக்கு ஏத்த முடியாத பழமாம். அதெல்லாம்தான் வேலி தாண்டிப் போகுதாம்.

— என்னது?

— பாதிப் பழம்னு சொன்னாங்க சார்.

— என் தோப்புலயா? புள்ளியா?

— என்னங்க. ஆமா மட்டும்.

— நீ சும்மா இரு. அம்மா, என் பேச்ச முழுசாக் கேட்டவங்க நீங்க. இங்க காய்க்குக் காய் காகித உறை. மரத்துக்கு மரம் காலாகாலத்துல கிளை கழிக்கிறோம். தலைவன் தோப்புலயே பாதி பழுதுன்னா அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு? எந்தப் பய சொன்னான் இதை?

— எனக்கும் நம்பிக்கை வரல சார். அப்ப பழுதுப் பழம் இங்கேருந்து அங்க போகல?

— பழுதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு.

— கொஞ்சம் பழம் அங்க போகுதும்மா. இந்தச் சாக்க எடுத்துட்டு இந்தக் கூடையப் பாத்தீங்கன்னா...

— அது பாடம் நடத்துறதுக்கு வச்சிருக்கிறது. வெளியிலேருந்து வரவழைச்ச பழுது. பழுதுன்னா எப்படி இருக்கும்னு உறுப்பினர்களுக்குக் காட்டணும்ல.

— இத்தனை கூடை பாடமா?

— உறுப்பினர்கள் நிறைய. இவளுக்குத் தோப்பு விவகாரம் தெரியாதுங்கம்மா. டீ நல்லாப் போடுவா.

— நல்ல ஏற்பாடு சார். இன்னொரு சின்ன விளக்கம். அங்க தினமும் கடாய் நிறைய வேகுது. அவங்க மரமெல்லாம் இளசு. அவ்வளவு பழம் வேற எங்கேருந்து வருது?

— அது... அது அவங்க தோப்புலதான்.

— கன்னு மரத்துலயா சார்?

— கன்னு மரம்தான். ஆனா காய்ப்பு இருக்கே, பேய்க் காய்ப்பு. எல்லாம் நான் சொல்லிக் குடுத்த முறை. கொத்துக் கொத்தாத் தொங்கும். சொல்லப் போனா என் மரத்தவிட... எண்ணிக்கையில சொல்றேன், தரத்துல இல்ல... ஒரு படி மேலயே காய்க்கும்.

— ஐயோ கடவுளே.

— என்னக்கா?

— ஒண்ணும் இல்லம்மா. கால் மரத்துப் போச்சு.

— அப்ப பொய்ப் புகார்தான். முடிச்சுடுறேன் சார். மேடம் பாவம், காலையிலேருந்து ஒரே அழுகை. யார் மேலயாவது சந்தேகம் இருக்கான்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மேல மட்டும் சந்தேகமே கிடையாது, அவர் வாயால பேசுறதோட சரின்னு சொன்னாங்க.

— அப்படியா சொன்னா? பெருந்தன்மையாத்தான் சொல்லியிருக்கா.

— ஆமாங்க சார். அப்புறம், உங்க பேரையும் பட்டியல்லேருந்து எடுத்துடுறேன்.

— எதுக்கு?

— சந்தைக்குப் போகாத பழம் குப்பைக்குப் போகக்கூடாதுன்னுதான் மெஷின் விலையில பாதியப் போட்டு, கூட ஆளையும் அனுப்புறோம். உங்ககிட்டதான் அப்படிப் பழமே இல்லையே. முதல் தரப் பழத்தப் போய் யாராவது கிண்டுவாங்களா?

— இல்லம்மா, அப்படி அடியோட எடுக்கணும்னு இல்ல. ஏதோ ஒண்ணு ரெண்டு, எப்பவாவது...

— உங்க அடக்கம் எனக்குத் தெரியும் சார். அடுத்த மாநாட்டுல இந்தத் தோப்பத்தான் உதாரணமாச் சொல்லப் போறேன். டீ வேண்டாங்கக்கா, நேரமாச்சு. வர்றேன்.

— போயிட்டாளா?

— தெருமுனை திரும்பியாச்சு.

— ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருக்கலாம்.

— நீயாவது கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக்கூடாது?

— கால மிதிச்சேன். நீங்க கால நகத்திக்கிட்டுப் பேசினீங்க.

— பூனைன்னு நினைச்சேன். சரி, ஆனது ஆச்சு. இனிமே பட்டப்பகல்ல கூடையத் தூக்கிக் குடுக்காத. பொழுது சாஞ்சப்புறம் குடு.

— இனிமேலும் குடுக்கணுமா?

— பின்ன? பேய்க் காய்ப்புன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவ கடாய் ஒரு நாள் காலியாக் கிடந்தாலும் நான் சொன்னது பொய்னு ஆயிடும். அடிப்படையில அவ கடாய் நிறையுறதுலதான் இப்ப என் மானம் இருக்கு.

— யார் தூக்குறது?

— நீதான். வேற யாரு?

— சரி.

— ஆனா அந்தப் போன் பண்ணினவன் மட்டும் எவன்னு தெரியணும். பாதிப் பழம் பழுதாம். நேருக்கு நேர் நின்னு பேசத் துப்பில்லாம குரலை அமுக்கிக்கிட்டுப் பேசியிருக்கான் பாரு. மனுசனுக்குள்ள எவ்வளவு பொறாமை இருந்தா அப்படிப் பண்ணுவான்?

— நிறைய இருக்கணும்.

— கண்டுபிடிச்சேன்னு வையி, சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேப்பேன், உனக்கு அப்படி என்ன வயித்தெரிச்சல்னு.

— கூட்டம் வரைக்கும் எதுக்கு, இங்கயே கேளுங்க. உங்களுக்கு வயிறு எரிஞ்சா ஏறிப் பேசுறதுக்கு ஒரு மேடை இருக்கு. எனக்கு இருந்தது அந்தப் போன் ஒண்ணுதான்.