மஞ்சள் டிரெய்லரும் ஆட்டுக்கல்லும்

ஆகவே ஐயா, அழகிரிசாமியை இந்த ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினால்தான் வாயைத் திறப்பேன் என்று நான் சொன்னதற்கு, வாயைத் திறந்தால்தான் அனுப்ப முடியும் என்று தாங்கள் சொல்லிவிட்டதால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் காளியாத்தாள், வயது 54, கணவர் பெயர் அரங்கசாமி, கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தென்னந்தோப்பிலேயே குடியிருக்கிறோம். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடத் தெரியும். இன்று 20.1.1996, தை அமாவாசை. எங்கள் டிரெய்லர் திருட்டுப் போய்விட்டதாக இன்று காலை நான் கொடுத்த புகார் தவறு. அது எப்படித் தவறானது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

மலையடிவாரத்து அம்மன் கோவில்கள் ஒன்பதுக்கு வருவதாக நான் வேண்டியிருக்கிறேன். அங்கெல்லாம் தார் ரோடும் கிடையாது, தங்க இடமும் கிடையாது. நான் கடைச் சோறு தின்னமாட்டேன், கண்டவர் படுத்த பாயில் படுக்கவும் மாட்டேன். அதற்கு என் வீட்டுக்காரர், “அப்ப ஊட்டயே கட்டி இழுத்துட்டுத்தான் போகோணும்” என்று கேலி செய்தார். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு போன ஆவணி மாதம், ஒரு மில்லில் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆறடிக்கு நாலடி டிரெய்லர் ஒன்றை வாங்கி, எங்கள் ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய், பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் அழகிரிசாமியிடம் விட்டோம். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, இதுல தேங்காய் ஏத்தறீங்களா, உரம் ஏத்தறீங்களா?” என்று கேட்டார். “எங்களத்தான் ஏத்தறோம் தம்பி” என்றேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

நான் எங்கள் ஊர் மாகாளியம்மனிடம் பூக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. ஐயாவுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்து, காரியத்தைச் சொல்லிக் கைகூப்பி நிற்க வேண்டும். அம்மனுக்கு வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். பூசாரிதான் பார்த்துச் சொல்வார். அந்த முறைப்படியே டிரெய்லர் வேலை முழுவதும் நடந்தது. பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்க வண்டியை எட்டு அங்குலம் தூக்கலாமா என்று கேட்டேன், உத்தரவு கிடைத்தது. பஞ்சரானால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும்படி ஜீப் சக்கரமே போடலாமா என்று கேட்டேன், கிடைத்தது. பச்சை பெயிண்டுக்குக் கேட்டேன், இடது விழுந்தது. மஞ்சளுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஊருக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டுப் போன் செய்யும்வரை பட்டறையில் வேலை நிற்கும். அழகிரிசாமி ஒரு நாள், “உங்க அம்மன் ஐடிஐ-ல எந்த வருசமுங்கக்கா படிச்சுது?” என்று கேட்டார். “நீ பொறக்கறதுக்கு முன்னாலயே படிச்சு முடிச்சிருச்சு, நீ வெல்டிங்கப் பாரு” என்றேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அதன் பிறகு அவர் செய்து கொடுத்ததைச் சொன்னால் ஐயாவே ஒன்று செய்யச் சொல்வீர்கள். பின்கதவைக் கீழே மடக்கினால் இரண்டு சங்கிலியில் நின்று சமையல் மேடையாகிவிடும். குலுக்கலில் திறந்துகொள்ளாதபடி டிராயர் ஒவ்வொன்றுக்கும் கொண்டி. பக்கவாட்டில் குழாய் வைத்த தண்ணீர் கேன். லாரித் தார்ப்பாயை நாலு பைப்பில் விரித்தால் மேலே கூடாரம், உள்ளே தேங்காய் நார் மெத்தை இரண்டு. அம்மன் படத்துக்குக் கண்ணாடி போட்ட சிறு மாடம், அதற்குள் பேட்டரியில் எரியும் பல்பு. அந்த பல்பை நான் கேட்கவே இல்லை, அவராகவே வைத்தார்.

எங்களுக்குள் வந்தது ஒரே ஒரு தகராறு. நைவேத்திய வடைக்கு மிக்ஸியில் அரைத்த மாவு ஆகாது என்பதால், என் ஆட்டுக்கல்லைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில், வண்டியின் கடைசியில், போல்ட் போட்டு இறுக்கச் சொன்னேன். “அக்கா, பின்னால அத்தன பாரம் வெச்சா முன்னால ஜீப்புல மாட்டற கொக்கி தூக்குமுங்க, எறக்கத்துல வண்டி வால ஆட்டுமுங்க. கல்ல முன்னால வெச்சுக்கலாமுங்க” என்றார் அவர். “அரைக்கறது முன்னால, சுடறது பின்னாலயா? நான் என்ன ஓடிப் பிடிச்சு வெளையாடறதா?” என்று கேட்டுவிட்டு, பூக் கேட்கப் போனேன். அன்று பூசாரி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நானே பூ ஒட்டி நானே கேட்டேன். வலது விழுந்தது. அழகிரிசாமி வேறு பேச்சில்லாமல் கல்லைப் பின்னாலேயே இறுக்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள், முதல் கோவிலுக்கு ஆனைமலை தாண்டிப் போனோம். வறண்ட ஓடைக்குள் இறங்கிக் கல் மேலேயே ஏறிப் போயும் வண்டி எங்கும் தட்டவில்லை. ஓடைக்கரையில் வடை சுட்டு அம்மனுக்குப் படைத்து, கோவிலுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தேன். ராத்திரி என் சொந்த மெத்தையில் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தேன். முப்பத்தைந்து வருடமாகப் பாடாத என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பாடினார், நன்றாக இல்லை. திரும்பி வரும்போது ஓர் இறக்கத்தில் டிரெய்லர் ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது, தயிர்ச் சட்டி கவிழ்ந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை ஆறு மணி பஸ்ஸில், சாயங்காலம் வருவதாகச் சொல்லி அமாவாசை பூஜைக்குப் போனேன். தெரிந்தவர்கள் காரில் ஏற்றிவந்து விட்டதால் ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். கொட்டகையில் டிரெய்லர் இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, “அங்கதானே இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். நான் விடாமல் அவரையே டிவிஎஸ் எடுக்கச் சொல்லி, இங்கே வந்து புகார் கொடுத்தேன். நான் புகார் சொல்லும்போது அவர் பக்கத்திலேயே நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு, மஞ்சள் டிரெய்லரைத் தன் ஜீப்பில் மாட்டிக்கொண்டு கிணத்துக்கடவுக்குள் வந்த அழகிரிசாமியைப் போலீசார் நிறுத்தி இங்கே அழைத்து வந்தார்கள். யார் சொல்லி எடுத்தாய் என்று தாங்கள் நாலு தடவை கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. திருடன் என்று எழுதிவிடுவோம் என்று சொன்ன பிறகும், “எழுதிக்கோங்க, நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க” என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “நாந்தானுங்க எடுத்துட்டுப் போகச் சொன்னேன். கல்ல முன்னால மாத்தச் சொன்னேன். அவளுக்கு முன்னால சொல்லப் பயமுங்க” என்றார்.

நான் போய் டிரெய்லரைத் திறந்து பார்த்தேன். ஆட்டுக்கல் முன்னால், கொக்கிக்குப் பக்கத்தில், ரப்பர் வைத்து இறுக்கியிருந்தது. கல் இருந்த இடத்தில் மடக்கு ஸ்டூல் ஒன்று வைத்து, என் முழங்கால் வலிக்காத உயரத்தில் மெத்தை தைத்துப் போட்டிருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன், சரியாக இருந்தது.

ஆகையால் திருட்டு எதுவும் நடக்கவில்லை, அழகிரிசாமி மீது எனக்குப் புகார் இல்லை, அவர் என் கூடப் பிறந்தவர் மாதிரி. ஆனால் அம்மன் உத்தரவை மீறிக் கல்லை மாற்றியது தப்பு, ஸ்டூலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாளைக்கே கல் பின்னால் போய்விட வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னது அத்தனையும் நான் பார்த்தது, நான் செய்தது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) காளியாத்தாள்

ஐயா, பேனாவை மூடாதீர்கள், ஒன்று விட்டுப்போய்விட்டது. பூசாரி இல்லாத அன்று நான் அம்மனுக்கு நேர் எதிரில் நின்று கேட்டேன் அல்லவா, அப்போது பூ விழுந்தது என் வலது கைப் பக்கம், அம்மனுக்கு அது இடப்பக்கம்.