அரை அடி

ஒக்காருங்கண்ணே, தேன் எங்க ஓடிரப்போவுது. தேனடையத் தூக்கிக்கிட்டு இந்த மலையெல்லாம் அலஞ்சிருப்பீங்க. பார்லி ரொட்டி இருக்கு, வெங்காயம் இருக்கு. சாப்டுங்க. எனக்கு வேணாம். நானா? இங்கதான், ஏதென்ஸு. விடிஞ்சதுலருந்து இந்தப் பாறையிலதான் இருக்கேன். மேலயும் போகல, கீழயும் போகல.

இந்தத் தழும்பா? ஈட்டி. இருபது வருசம் சண்டை போட்டவன்ல. பட்டாளத்துல எம்பேரைச் சொல்லி எவனும் கூப்பிட்டதில்ல. நெலேஸ்னுவாங்க, ஈவிரக்கமில்லாதவன்னு. அப்புறம் வெண்கல நெஞ்சன், இரும்பு மனசுக்காரன். உன்னைப் பெத்தது பொம்பள இல்லடா, கடலும் பாறையும் சேந்து பெத்துச்சுனுவாங்க. இந்த ஒண்ணைச் சொல்ல நம்மகிட்ட எத்தனை வார்த்தை பாத்தீங்களா? ஊர்ல சொன்னா வசவு. அங்க பட்டம். நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன்.

அந்தப் பட்டம் ஏன் வந்துச்சுன்னா, ஒரு தீவுல தோத்தவன் ஒருத்தன் ஓடி வரான், அடைக்கலம்னு என் முழங்காலைப் பிடிக்க. பிடிச்சுட்டா தீந்துச்சு, ஜீயஸ் பாத்துக்கிட்டு இருக்காரு, வெட்டக் கூடாது. நான் காலை அரை அடி பின்னால வச்சேன். அவ்ளோதான். அவன் கை மண்ணுல விழுந்துச்சு, வெட்டினேன். சாமி குத்தமும் இல்ல பாருங்க, தொடலையே. பொறவு புதுசா வந்தவனுக்கெல்லாம் நானே அதைச் சொல்லிக்குடுத்தேன்.

நேத்து வீட்ல எம்பொண்டாட்டி திமாரெத்தி. புள்ள பெத்து அஞ்சாம் நாள். மூணாவதும் பொட்டப்புள்ள. வளக்கிறதா வேணாமான்னு அப்பன்தானே சொல்லணும்? வேணாம்னா மலையில விட்டுட்டு வந்துரணும். வேணாம்னேன். பெத்த ஒடம்போட கட்டில்லருந்து எறங்கி, தவழ்ந்து வந்தா, என் முழங்காலைப் பிடிக்க. சத்தியமா நான் நெனைக்கலண்ணே. கால் தானா பின்னால போயிருச்சு. அதே அரை அடி.

அத்தனை வார்த்தை கெடக்கே, ஒண்ணையாவது சொல்லித் திட்டுவான்னு நின்னேன். அவ மண்ணுல விழுந்த கையையே பாத்துக்கிட்டிருந்தா.

எடுத்துக்கங்க, இன்னொரு ரொட்டி.

நீங்க மேலருந்துதானே வாரீங்க? காட்டு ஒலிவ மரத்தடில ஒரு மண்பானை இருந்திருக்குமே. பழந்துணி போட்டு, விடியறதுக்கு முன்ன நாந்தான் வச்சேன். போய்ப் பாப்போம்னா இந்தக் கால் நகர மாட்டேங்குது.

அதுலருந்து சத்தம் ஏதாவது கேட்டுச்சாண்ணே? கேட்டுச்சுன்னு சொல்லுங்க, எந்திரிச்சிருவேன்.