தண்டோரா போட்டாச்சு

பகல் பன்னெண்டரை மணி. கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்க ஊருக்குப் பிரியற மண் ரோடு. ஈ காக்கா இல்ல.

பேய் ராத்திரிதான் வரும்னு யாருடி சொன்னது? கிட்ட வந்து உக்காருங்க. கரண்ட் வர்ற வரைக்கும் சொல்றேன். சந்திரகலா, உங்க வேடியப்பன் மாமா கதைதான். தப்பா சொன்னா திருத்து.

எழுபத்தெட்டு, பங்குனி மாசம். நான் டெம்பரவரி டைப்பிஸ்ட், மாமா பியூன். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. எங்க தெரு ஜனங்க பொணம் பொதைக்கிற புறம்போக்கைக் கல் குவாரிக்குக் குடுக்க, எனக்குத் தெரியாம உள்ளுக்குள்ளயே ஏற்பாடு. எங்கம்மா அங்கதான் கெடக்கறா. ஃபைல்ல என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? 'கல்லாங்குத்து. உபயோகமில்லை.'

சர்க்கார் நெலத்தைக் குடுக்கணும்னா முதல்ல ஊர்ல தண்டோரா போடணும். பதினஞ்சு நாளுக்குள்ள ஆட்சேபணை மனு வரலன்னா குடுத்துடலாம். மனு வந்துடக் கூடாதே... அதனால தண்டோராவே போடல.

"போட்டாச்சுன்னு எழுதிக்கலாம்யா. எவன் வந்து கேக்கப் போறான்"னு சொல்லிட்டு எங்க ஊர்க் கணக்கு எழுதற கர்ணம் தன் வீட்டுத் திண்ணையிலயே காகிதத்தை நிரப்பினார். பறை அடிச்சவர் பேர்னு ஒரு கட்டம். கை பழக்கத்துல 'அப்பாசாமி'ன்னு எழுதிட்டார். எங்க ஊர் வெட்டியான். அவர் செத்து ரெண்டு வருஷம். கர்ணம் எங்க தெருப்பக்கம் கால் வெச்சாத்தானே தெரியும்.

காகிதம் வாங்கப் போயிருந்த மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, முதல்ல சொன்னேனே அந்த மண் ரோட்டுல, பஸ்ஸுக்கு நடந்தார்.

புறம்போக்கு ஓரம் வந்தப்ப... முதல்ல வாசனை. வைக்கோல் கருகற வாசனை. அதோட சூடான தோல். பறை காய்ச்சினா வருமே, அது. சுத்திப் பாத்தார். நெருப்பு இல்ல. புகை இல்ல.

அப்புறம் சத்தம். டண்... டண்... டணக்குடக். நின்னுச்சு. ஒரு கரகரப்பான குரல்.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது என்னன்னா..."

சர்வே நம்பரைப் பிசகாம சொல்லுச்சாம். பதினஞ்சு நாள் கெடுவையும் சொல்லுச்சாம். சத்தம் ஊர்ப்பக்கம் போகல. பொதைச்ச மேடுங்களுக்கு நடுவுல, ஒவ்வொரு மேட்டுக்கிட்டயும் நின்னு... நின்னு... போச்சு. ஆள் இல்ல.

அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா ஊரையே கூட்டிக்கிட்டு வந்திருப்பேன். வேலை போயிடும்னு மனுஷன் வாயைத் திறக்கல.

பதினஞ்சாவது நாள் காலைல ஆபீசைத் திறந்தா, ஆபீசர் மேஜை மேல நாப்பத்தோரு ஆட்சேபணை மனு. ஓரமெல்லாம் செம்மண். பூட்டு போட்டது போட்டபடி.

ஆபீசர் நேரா என்னைப் பாத்தார். "உன் ஊர்தானேம்மா? பி.ஏ. படிச்ச திமிரா?"

"தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன் சார். ஒளிஞ்சு செய்ய மாட்டேன்."

எனக்கு மாமா மேல சந்தேகம். மனசாட்சி உறுத்தி அவரே வெச்சிருப்பார்னு மடக்கிக் கேட்டேன். அப்பத்தான் பறை சத்தத்தைச் சொன்னார். கதை விடாதீங்கன்னேன். ஊருக்குப் போய் வீடு வீடா விசாரிச்சேன். ஒருத்தர் காதுலயும் விழல. ஒருத்தரும் மனு எழுதல.

பட்டியல் டைப் அடிக்கற வேலை எனக்கே வந்துச்சு. பேரை ஒண்ணொண்ணா படிச்சுக்கிட்டே வந்தேன். நாப்பத்தோரு பேரையும் எனக்குத் தெரியும். அத்தனை பேரையும் பொதைச்சாச்சு.

யார்கிட்டயும் சொல்லல. வரிசையா அடிச்சுக் குடுத்துட்டேன். இத்தனை ஆட்சேபணையான்னு மேல பயந்துட்டாங்க. குவாரி நின்னுச்சு.

நாப்பது மனுவுல கைரேகை. ஒண்ணுல மட்டும் கையெழுத்து. பாஞ்சாலை. எங்கம்மா.

காலேஜ் சேந்த வருஷம் நான்தான் சிலேட்டுல பழக்கினேன். எழுத்தெல்லாம் கீழ சரியும். 'ஞ்'சுக்குப் புள்ளி மட்டும் வைக்கவே மாட்டா. எத்தனை தடவை திட்டியிருப்பேன்... சாகற வரைக்கும் அவளுக்கு அது வரல.

மனுவுல அதே சரிஞ்ச எழுத்துதான்டி.

இந்தத் தடவை புள்ளி வெச்சிருக்கா.