கை ஓங்காத தண்டல்

சர்க்கார் டாக்டர் ஐயா கேட்பதால் சொல்கிறேன். நான் யாரையும் கை நீட்டி அடித்தவன் இல்லை. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆட்களை வேலை வாங்குகிற எந்தத் தண்டலைப் பார்த்தாலும் கையில் பிரம்பு இருக்கும். நான் குடை மட்டும்தான் வைத்திருப்பேன். விடியலில் ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கும்போது முகத்தைப் பார்த்தாலே போதும்; யார் வீட்டில் சண்டை, யாருக்கு ஊர் ஞாபகம் என்று தெரிந்துவிடும். அதற்குத் தகுந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்வேன். முரண்டு பிடித்தவனும் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போய்விடுவான். "லெட்சுமணனுக்கு ஆள் மனசு தெரியும்" என்று துரையே கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னாராம். அடுத்த பெரிய கங்காணி நான்தான் என்றும் பேச்சு. பிரம்புக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்.

வெள்ளையம்மாவிடம் நீங்கள் பேசியிருப்பீர்கள். அவள் புருஷன் காய்ச்சலில் போனபோது அண்ணன் மாதிரி கூட நின்றவன் நான். அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் அவள் எதுவும் செய்வதில்லை. கேட்க வேறு ஆளும் இல்லை.

அவள் மகள் ராசம்மாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே பெரட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, ரயிலேறி சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுறேன். பேரை மட்டும் வெட்டிடாதீங்க."

கொசுக் காய்ச்சல்தான். கண் மஞ்சளாக இருந்தது, நடுக்கமும் இருந்தது. அவள் புருஷனுக்கும் இப்படித்தான் வந்தது. கொயினா மாத்திரை கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். ஆனால் எங்கள் தோட்டத்திலிருந்து இன்னொரு காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நீங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்க்க வருவீர்கள், அடைத்துக் கிடக்கும் கால்வாயைப் பார்ப்பீர்கள், வேலையை நிறுத்தச் சொல்வீர்கள். அது மட்டும் நடக்கக் கூடாது என்று துரை என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் என்ன செய்ய முடியும்?

பிள்ளையின் முதுகில் வேர்க்குரு இருந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஆத்தா எறங்கியிருக்கா தாயி. இப்பப் போயி ஊசி மருந்துன்னா கோவிச்சுக்குவா. வீட்டோட இரு. பேரு எம் பொறுப்பு."

அம்மை என்றால் எங்கள் சனங்கள் மருந்து தரமாட்டார்கள், ஆஸ்பத்திரிப் பக்கமும் போகமாட்டார்கள். அவள் முகம் உடனே தெளிந்தது. அந்த நிம்மதியை உங்கள் மருந்து கொடுத்திருக்காது. வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வாழையிலையில் படுக்க வைத்தாள். இளநீர் நானே வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை பிதற்ற ஆரம்பித்ததும், ஆத்தா பேசுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் கும்பிட்டார்கள். வெள்ளையம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையசைத்தேன். அவளும் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளை போய்விட்டது.

எனக்கும் துக்கம்தான் ஐயா. குழி வெட்டும்போது நானே கூட நின்றேன். ஆனால் அவள் அழுகை அடங்கவில்லை. லயமே வேலைக்குப் போகாமல் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. "நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்?" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு காரணம். அது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு ஒரு நிமிஷம் நெனச்சியே தாயி, அதான். ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்க."

அழுகை நின்றது. மறுநாள் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்லாமல் அவளை நான் விட்டுவிடவில்லை.