மாயக்கா பதில் சொன்ன மேடு

உக்காருங்க, உக்காருங்க. மேக மூட்டம் எறங்கிருச்சு. இதுக்குள்ள நடந்தா நீங்களும் ஊர் போய்ச் சேர மாட்டீக, ஒங்க ஆத்தா அப்பனுக்கு நான் பதில் சொல்லணும். அந்தப் பையக் கழட்டி வைங்கய்யா. நாலு நாளு நடக்க வந்தவுக நாலு வருசத்துக்குக் கட்டிக்கிட்டு வந்திருக்கீக. செவப்புச் சட்டத் தம்பி, ஓரத்துக்குப் போகாத. அந்தப் பக்கம் சரிவு. அந்தச் சரிவப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

ரோடுன்னா மாட்டுக் கொளம்பு பட்ட தடம்தான்னு இருந்த காலம். இந்தா, நமக்குக் கீழ இருக்கு மந்தியூத்து. இப்பக் கண்ணுக்குத் தெரியாது, கூப்புட்டாக் கேக்குற தூரந்தான். அந்த ஊர்ல சீலமுத்து சீலமுத்துன்னு ஒரு ஆளு இருந்தாராம். அவரு கூடப்பொறந்த தம்பி வழியில வந்தவுக நாங்க.

பொதிமாடு ஓட்டுறதுதான் அவரு தொழிலு. போடிச் சந்தையில உப்பு ஏத்துவாரு, மலையேறுவாரு, அங்கிட்டு மலையாளத்துச் சீமையில எறக்குவாரு. அங்கருந்து ஏலமும் மெளகும் ஏத்துவாரு, மலையெறங்குவாரு. ஏறுவாரு, எறங்குவாரு. மத்தவுக மாட்டப் பாத்து நடப்பாக. இவரு மலையப் பாத்து நடப்பாராம். "அதுக்கு அங்கிட்டு என்னடா இருக்கு?"ம்பாராம். "அங்கிட்டும் மலைதான்"பாக. "அதுக்கும் அங்கிட்டு?"ன்னு கேப்பாராம். என்னத்தச் சொல்றது அந்த மனுசனுக்கு!

அவரு பொஞ்சாதிதான் மாயக்கா. சொந்தத் தாய்மாமன் மக. புள்ளகுட்டி இல்ல. ஆனா சண்ட சச்சரவும் இல்லன்னு சொல்லுவாக. மாமான்னா உசுரு அவளுக்கு.

ஒரு நாளு வடக்க இருந்து ஒரு பரதேசி வந்தானாம். மாயக்கா கூழு ஊத்தி, உப்புக்கல்லு ரெண்டு வச்சா. பரதேசி உப்பப் பாத்துச் சிரிச்சான்.

"தாயி, இது கடல்ல இருந்து வந்து மலையேறுது. நான் பாத்த மலையில உப்பு மலையில இருந்து கீழ எறங்குது. ஆட்டு முதுகுல பை கட்டிக் கொண்டாறாங்க. அந்த மலை உச்சிப் பகல்லயும் வெள்ளையா இருக்கும். அம்புட்டும் பனி."

"பொய்யி"ன்னாராம் சீலமுத்து. "ஆடு பொதி சொமக்குமா? மலையில உப்பு வெளையுமா?"

பரதேசி கூழக் குடிச்சிட்டுப் போயிட்டான். அவன் சொன்ன சொல்லு போகல. தின்னும்போதும் அதே நெனப்பு, மாடு ஓட்டும்போதும் அதே நெனப்பு. கடைசில ஒரு நாளு கம்பளியத் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"மாயக்கா, போயிப் பாத்துட்டு வந்துர்றேன்."

"யாருகூட மாமா?"

"யாருகூடயும் இல்ல. ஒத்தையிலதான்."

காசிக்குப் போறவுககூடக் கூட்டமாத்தான் போவாக அந்தக் காலத்துல. இந்த மனுசன் ஒத்தையில கெளம்பிட்டாரு. மாயக்கா அழுதா, காலக் கட்டிக்கிட்டா, ஒண்ணும் ஆகல. அப்புறம் கண்ணத் தொடச்சிட்டு, "சரி மாமா, நான் இருக்கேன், நீ திரும்பி வா"ன்னாளாம். அம்புட்டுத்தான் அவ கேட்டது. திரும்பி வரணும். வேற ஒண்ணும் வேணாம் அவளுக்கு.

போனாரு. வருசம் போச்சு. காசிக்குப் போயிட்டு வந்தவுக, "வடக்க மலையடிவாரத்துல நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் பொதி தூக்கிக்கிட்டுப் போனான்"னு ஒருக்கா சொன்னாக. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல. இன்னும் வருசம் போச்சு. ஊருப் பெரியவுக கூடிட்டாக.

"ஏ மாயக்கா, அவன் செத்துட்டான். காரியத்தப் பண்ணி, தாலிய எறக்கிருவோம். செத்தவனுக்குச் செய்யாம விட்டா ஊருக்கு ஆகாது."

"எங்க மாமா இருக்காரு."

"கண்டியா?"

"காணல. இருக்காரு."

அடுத்த வருசமும் வந்து கேட்டாக. "எங்க மாமா இருக்காரு." அதுக்கடுத்த வருசமும் கேட்டாக. அதே பேச்சு. பெத்த ஆத்தாளே, மாயக்காவுக்கு அத்தை, அந்தக் கெழவியே மகன் போயிட்டான்னு மனசத் தேத்திக்கிட்டா. மாயக்கா தேறல. தலவாசல்ல மஞ்சத்தண்ணி தெளிக்கிறதும் நிக்கல, நெத்தியில பொட்டு வைக்கிறதும் நிக்கல. இருக்காரு. அவரு இருக்காரு. ஊரே ஒரு பக்கம், அவ ஒத்தையில ஒரு பக்கம்.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதத்தான் நல்லாக் கேக்கணும். எங்க ஊர்ல அப்ப ஒரு கட்டு இருந்துச்சு. மூட்டத்துக்குள்ள இருந்து யாரு பேரு சொல்லிக் கூப்புட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. மலையில செத்தது எல்லாம் மூட்டத்தோட எறங்கி வருமாம். தெரிஞ்சவுக கொரல்லயே கூப்புடுமாம். ஆனா ரெண்டு தடவைக்கு மேல அதுக்குக் கூப்புட ஏலாதாம். மூணாவது தடவயும் கூப்புட்டா மனுசன். அப்பத்தான் "ஏன்?"னு கேக்கணும். சின்னப் புள்ளைக்குப் பேச்சு வரும்போதே இதையும் சொல்லிக் குடுத்துருவாக. ஊர்க்காரன் மலையில இருந்து கூப்புட்டா, மூணு கூப்பாட்டையும் விடாமக் கூப்புடுவான். அதுனால ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்ல, அன்னைக்கு வரைக்கும்.

அன்னைக்கு மத்தியானம். அத்தைகாரி காட்டுக்குப் போயிட்டா. மாயக்கா வீட்டுக்குள்ள திருகையில கேப்பை திரிச்சுக்கிட்டு இருந்தா. மூட்டம் எறங்கி வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு. மேட்டுப் பக்கம் இருந்து, இந்தா நாம உக்காந்திருக்கோமே இங்கருந்துதான், ஒரு கொரலு.

"மாயக்கா..."

மெதுவா. பக்கத்துல இருக்கவளக் கூப்புடுற மாதிரி. திருகை நின்னு போச்சு. அது மாமா கொரலு. அவளுக்குத் தெரியாதா? எந்திரிச்சா. வாசலுக்கு வந்தா. வாயி தொறக்கல. ஒண்ணு. ரெண்டு பாப்போம்னு நின்னா. ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

"மாயக்கா..."

ரெண்டு. சேலைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. மாமா, இன்னொருக்கா. இன்னும் ஒரே ஒருக்காக் கூப்புடு மாமா. கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நின்னா.

மூணாவது கொரலு வரல.

அப்பத்தான் மாயக்கா ஓன்னு அழுதாளாம். எதுக்கு அழுதா? மாமா செத்துட்டாரு, செத்து மூட்டத்துல வந்து கூப்புடுறாருன்னு அழுதா. பாருங்கய்யா கொடுமைய. ஊரே செத்தான் செத்தான்னு சொன்னப்ப, இருக்கான்னு சொன்னவ அவ ஒருத்திதான். அவரு வந்து நின்னு கூப்புட்டப்ப, செத்துட்டாருன்னு நெனச்சவளும் அவதான்.

மறுநாளு மூட்டம் வெலகுச்சு. மாடு மேய்க்கப் போனவுக இந்தச் சரிவுக்குக் கீழ பாத்திருக்காக. கம்பளி போத்துன ஒரு ஆளு. தாடி, சடை. மொகத்த வச்சு அடையாளம் தெரியல, சின்ன வயசுல நெத்தியில பட்ட தழும்ப வச்சுத்தான் தெரிஞ்சுச்சு. இன்னும் சூடு போய் ரொம்ப நேரம் ஆகலன்னாக. பதில் வரும் வரும்னு நின்னு பாத்துட்டு, தெச தெரியாமக் காலெடுத்து வச்சிருக்காரு. எத்தன பனிமலை ஏறி எறங்குன காலு! சொந்த ஊரு மேட்டுல தவறிப் போச்சு.

தூக்கிக் கொண்டாந்து வாசல்ல போட்டாக. இடுப்புல ஒரு முடிச்சு. அவுத்தா, உப்புக்கட்டி. செவப்போடுன உப்பு. அது மலையில வெளஞ்ச உப்புன்னு மாயக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அதக் கையில எடுத்துக்கிட்டு, கூட்டத்தப் பாத்துச் சொன்னாளாம்.

"கூப்புட்டாரு. நான் பேசல."

அத்தைகாரி வந்து அவளக் கட்டிக்கிட்டா. "நான் வீட்டுல இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்டி, எங்கண்ணு. பெத்தவ நானே பேசியிருக்க மாட்டேன்டி."

எடுத்தாக, காரியம் பண்ணுனாக, தாலி எறங்குச்சு. மாயக்காவுக்கு அதுக்கப்புறம் அத்தையத் தவிர யாருகிட்டயும் பேச்சு இல்ல. ஆனா மூட்டம் எறங்குனாப் போதும், போட்டது போட்டபடி கெடக்க, இந்த மேட்டுக்கு வந்துருவாளாம். வந்து நிப்பா. மூட்டம் வெலகுறவரைக்கும் நிப்பா. பித்துப் புடிச்சிருச்சுன்னாக.

"யாருக்குடி நிக்கிற? அவன் போயிட்டான்டி"ன்னு அத்தைகாரி வந்து இழுப்பா.

"எனக்கு எம்மேலதான் கோவம் அத்தை. அவருக்கு எம்மேல என்ன கோவமோ. கூப்புட்டுட்டு ஏன் போனாரு? மூணாவது தடவ ஏன் கூப்புடல? நான் வேணும்னே பேசலன்னு நெனச்சுட்டாரா?"

அத்தைகாரி கொஞ்ச நேரம் கூட நின்னுட்டுக் கெளம்பிருவா.

இப்புடி இருக்கையில ஒரு நாளு. அன்னைக்கும் மத்தியானந்தான். மாயக்கா இங்க நிக்கிறா. கையி நீட்டுனாக் கையி தெரியாது, அப்புடி மூட்டம். அந்தா அந்தப் பக்கம் இருந்து ஒரு கொரலு.

"மாயக்கா..."

மெதுவா. ஒரே ஒருக்கா. பக்கத்துல இருக்கவளக் கூப்புடுற மாதிரி. கொரலு வேற, கூப்புட்ட விதம் அதே விதம். செத்தது வந்து கூப்புடுதுன்னே நெனச்சாளாம். செத்ததாவே இருக்கட்டுமேன்னு நெனச்சாளாம். ரெண்டாவது கூப்பாட்டுக்கு அவ நிக்கல.

"இந்தாருக்கேன்!"

மலை அதிரக் கத்துனா. "இந்தாருக்கேன்! அசையாம நில்லு! இந்தாருக்கேன், இந்தாருக்கேன்!"னு சொல்லிக்கிட்டே, மண்ணத் தடவித் தடவிப் போனா. கையில ஒரு காலு தட்டுப்பட்டுச்சு. ஒரு பரதேசி, அன்னைக்குக் கூழு குடிச்சவன் இல்ல, வேற ஆளு. சரிவு ஓரத்துல நிக்கிறான். ஒரு காலுல வெரலே இல்ல, பனி தின்னுருச்சாம். அவன் கையப் புடிச்சு இழுத்து, இந்தா இந்த எடத்துல உக்கார வச்சா.

நொண்டிப் பரதேசின்னுதான் அவனுக்குப் பேரு சொல்றாக. சீலமுத்துகூட அந்த மலையெல்லாம் சேந்து நடந்தவனாம். வார வழியில காலு முடியாமப் பின்தங்கிட்டான். சீலமுத்து சொல்லிக் குடுத்த ஒடஞ்ச தமிழ்ல கேட்டான்.

"நீ மாயக்காவா? சீலமுத்து வீட்டுல இருக்கானா?"

மாயக்கா சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. பரதேசி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். அப்புறம் அவ கேட்டா. "எங்க மாமா ஏன் மூணு தடவ கூப்புடல?"

"தாயி, அந்த மலையில யாரும் கத்த மாட்டாங்க. கத்துனா மேல இருந்து பனி சரிஞ்சு ஆளையே மூடிரும்னு பயம். மெதுவா ஒருக்காக் கூப்புட்டுட்டு, காத்திருந்து பாப்போம். நானும் அவனும் அப்புடித்தான் ஒருத்தர ஒருத்தர் கூப்புட்டுக்கிட்டு நடந்தோம், அத்தன வருசமும். அதுவே பழகிப் போச்சு."

"எம்மேல கோவமா வந்தாரா?"

"கோவமா? தெனமும் ஒம்பேச்சுத்தான். நான் பின்தங்குனப்ப எனக்கு வழி சொன்னான். எங்க ஊரு மேட்டுக்கு வந்து மாயக்கான்னு ஒருக்காக் கூப்புடு, போதும், அவ பதில் சொல்லிருவான்னு சொன்னான்."

அதக் கேட்டுட்டு அந்த மகராசி எப்புடித்தான் உசுரோட இருந்தாளோ. என்னால நெனச்சுப் பாக்க முடியலய்யா. இருந்தா. ரொம்பக் காலம் இருந்தா. இந்த மேட்டுலயே குடிசை போட்டு இருந்தா. மூட்டத்துக்குள்ள யாரு கூப்புட்டாலும், மொதக் கூப்பாட்டுக்கே "இந்தாருக்கேன்"னு கத்திக்கிட்டு எறங்குவாளாம். மாட்டுக்காரன், ஏலக்காய்க்காரன், பரதேசி, திருடன்னு ஒரு பாகுபாடு இல்ல. அவ இருந்தவரைக்கும் இந்தச் சரிவுல ஒரு உசுரு போகலன்னு சொல்லுவாக. ஊரும் அவளப் பாத்து, அந்த மூணு தடவக் கட்டையே விட்டுருச்சு.

அதுனாலதான் இதுக்கு இந்தாருக்கேன் மேடுன்னு பேரு. ஒங்க போன்ல பாத்தா வேற என்னமோ நம்பர் போட்டிருக்கும், அத விடுங்க. வருசா வருசம் மூட்டம் மொத மொத எறங்குற அன்னைக்கு ஊரே இங்க வரும். பொங்கலும் கெடையாது, கெடாவெட்டும் கெடையாது. எங்க வீட்டு ஆம்பள ஒருத்தன் மூட்டத்துக்குள்ள போய் நின்னு, "மாயக்கா"ன்னு கூப்புடணும். மெதுவா, ஒரே ஒருக்கா. இப்ப நாந்தான் கூப்புடுறேன், எனக்கு முன்னால எங்கப்பன். ஒடனே ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் சேந்து "இந்தாருக்கேன்"னு கத்துவாக. அன்னைக்கு அவ சொல்லாம விட்ட பதில ஊரே சேந்து சொல்லுது. அது அவருக்குக் கேக்குமான்னு எங்கிட்டக் கேக்காதீக, எனக்குத் தெரியாது. எங்கப்பன் ஒவ்வொரு வருசமும் கூப்புட்டுட்டு, அந்தச் சத்தம் கேட்டதும் மூட்டத்துக்குள்ளயே நின்னு அழுதுட்டுத்தான் வெளிய வருவாரு. நானும் அப்புடித்தான் வாறேன்.